படம் வராத இடத்தில் வந்த வரிகள்

மூத்தவருக்குத் தங்கையின் கணவரைப் பிடிக்காது என்று அந்த வீட்டில் யாரும் சொல்லிவிட முடியாது. "வாங்க மாப்பிள்ளை", "உட்காருங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்று வாய் நிறைய அழைப்பார். குரலை உயர்த்த மாட்டார். ஒருமையில் ஒரு வார்த்தை வந்ததில்லை. மாப்பிள்ளை என்ற உறவுக்கு எவ்வளவு மரியாதை தர வேண்டுமோ, அதில் ஒரு துளிகூடக் குறைக்க மாட்டார். அந்த உறவைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்த ஆளைத்தான் அவரால் ஒரு பொருட்டாக மதிக்க முடியவில்லை.

அவர்கள் வீட்டுத் தொழில் இணையதளம் கட்டித் தருவது. கம்ப்யூட்டர் விற்றும் பழுது பார்த்தும் வந்த அப்பா, பின்னாளில் தொடங்கியது. வீட்டு மாடியில் நீளமாக ஓர் அறை, தெருவைப் பார்த்து மூன்று ஜன்னல், சுவரோரம் வரிசையாக மேசைகள். கடைசி மேசை மூத்தவருடையது. அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய திரையும் தெரியும். அப்பா உட்கார்ந்த இடம் அது.

அவர்கள் கட்டிய ஒவ்வொரு தளத்தின் அடியிலும், கடைசி வரியில், பொடி எழுத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். பெயரும், பக்கத்தில் 'குடும்பத்தார்' என்ற சொல்லும். அப்பா போன பிறகும் அது மாறவில்லை. விளம்பரம் என்று அவர்கள் செய்துகொண்டது அவ்வளவுதான். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் தேடி வருவார். அது கெட்டால் எல்லாம் கெட்டது என்பது மூத்தவரின் கணக்கு.

பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தளமும் வெளியே போகும் முன், மூத்தவர் பிரவுசரில் படங்களையெல்லாம் அணைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழே வாய்விட்டுப் படிப்பார். இணைப்பு நத்தையாய் ஊர்ந்த காலத்தில் அப்பா கொண்டுவந்த பழக்கம். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு மாற்று வரி எழுதி வைக்க வேண்டும். படம் வராமல் போனால் அந்த இடத்தில் அந்த வரி தெரியும். கண் தெரியாதவர்களுக்கு அவர்களுடைய கருவி படித்துக் காட்டுவதும் அதைத்தான். வேலை நடக்கும்போது மேசைகளில் இருக்கும் பையன்களும் பெண்களும் ஏதாவது ஒன்றை அவசரத்துக்குப் போட்டு வைப்பார்கள். மூத்தவர் படித்துக்கொண்டே போய், உருப்படியான வரியாக மாற்றிவிடுவார். படமில்லாமலும் பக்கம் தன் காலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வெளியே போகாது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் இப்படிப்பட்ட மாப்பிள்ளை.

எந்த விதி இன்னும் எழுதி முடிக்கப்படவில்லையோ, அதில்தான் அந்த மனிதருக்கு ருசி. இணையத்தின் விதிகளை எழுதுகிறவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து ஒருவருக்கொருவர் மடல் போட்டுக்கொள்வார்கள். அந்த மடல்களையெல்லாம் காலையில் பல் துலக்கும் முன்பே படித்துவிடுவார். நடுநடுவே தானும் ஒன்று எழுதிவிடுவார். யாராவது பதில் போட்டுவிட்டால் அன்றைக்கு முழுவதும் கால் தரையில் படாது. மாநாடு என்று எங்காவது கூடினால் போய் நின்று பேசுவார். கழுத்தில் தொங்கவிட்ட அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மாட்டார். அந்த அட்டையோடு சோற்றுக்கு உட்கார்ந்ததை மூத்தவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். முடிவாகாத வரைவு என்ற பொருளில், மனதுக்குள் அவருக்கு 'டிராஃப்ட்' என்று பெயர் வைத்திருந்தார். வெளியே சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அது தங்கைக்குப் போய்ச் சேரும்.

கர்ட்டன் கடை வேலை வந்தபோதுதான் அந்த ஏளனம் முற்றியது.

ஜன்னலுக்கும் கதவுக்கும் துணி விற்கிற பெரிய கடை. முதலாளியும் மூத்தவரும் ஒரே வயது. இருவருடைய அப்பாக்களும் ஒரே தெருவில் எதிரெதிரே கடை போட்டவர்கள். அந்தத் தளம் முழுக்கப் படம். துணியின் நெசவு தெரிய வேண்டும், பூ தெரிய வேண்டும், மடிப்பு விழும் அழகு தெரிய வேண்டும். முதலாளியும் மூத்தவரும் கை குலுக்கி நிற்கும் ஒரு படமும் உண்டு. முதலாளி ஆசைப்பட்டுப் போடச் சொன்னது. கடைக்காரர் ஏற்பாடு செய்த பெண் வராமல் போனதால், பூப்போட்ட வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துத் தங்கையே நின்ற படம் ஒன்றும் இருந்தது. நன்றாக வந்திருந்தது. உறவுக்காரப் பெண்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "கடைக்காரரே கேட்டுக்கிட்டார், நான் என்ன பண்றது?" என்று அலுத்துக்கொள்வதுபோல அவள் சொல்லித் திரிந்தாள்.

ஒரு நாள் மாப்பிள்ளையின் திரையைக் கடந்து போன மூத்தவர் நின்றார். பக்கத்தைக் கட்டும் மார்க்கப்பில் அவருக்குத் தெரியாத ஒரு டேக், ஒரு கட்டளைக் குறி, இருந்தது.

"மாப்பிள்ளை, இது என்ன? நான் பார்த்ததில்லையே."

"புதுசு மச்சான். ஒரே படத்தைச் சின்னது, நடுத்தரம், பெருசுன்னு வச்சுடறோம். போனுக்குச் சின்னது, பெரிய ஸ்கிரீனுக்குப் பெருசுன்னு பிரவுசரே பொறுக்கிக்கும்."

"எந்த பிரவுசர்?"

"இப்போதைக்கு எதுவும் இல்ல."

"எதுவும் இல்ல."

"வந்துடும் மச்சான். டிராஃப்ட்ல இருக்கு. அதுவரைக்கும் நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன். உனக்கு இந்த டேக் தெரியுமான்னு அது பிரவுசரைக் கேக்கும். தெரியாதுன்னா, அதுவே சரியான படத்தை எடுத்து வச்சிடும். தெரியும்னா, மரியாதையா ஒதுங்கிக்கும்."

"தெரியும்னு சொல்ற பிரவுசருக்கு என்ன தெரியும்னு உங்க ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளை சிரித்தார். குழந்தை கேள்வி கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "மச்சான், நாம எதிர்காலத்துக்கு எழுதறோம்."

"கர்ட்டன்காரர் நிகழ்காலத்துலதான் கடை வச்சிருக்கார்."

"அவர் கடைக்கு வர்றவங்க எல்லாம் போன்லதான் பார்க்கறாங்க. ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள போன் சூடாயிடுது. உள்ளங்கை அகலத் திரைக்குக் கதவு அகலத்துக்குப் படம் அனுப்பறோம். இது நல்லாவா இருக்கு?"

அது நியாயம். நியாயம் என்பது மூத்தவருக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து அந்த வரைவு விதியை எடுத்துப் படித்தார். முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி, இது எப்போது வேண்டுமானாலும் மாறும், இதை நம்பி எதையும் செய்யாதீர்கள் என்று எழுதியவர்களே எழுதியிருந்தார்கள். எழுதியவனே நம்பாதே என்கிறான். நம் வீட்டு மாப்பிள்ளை நம்புகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று எல்லாருக்கும் முன்பாகச் சொன்னார்: "கையெழுத்தாகாத பத்திரத்தை நம்பி வீடு கட்டறவங்களைப் பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. கூரை போடற அன்னிக்குத்தான் நிலத்துக்காரன் வந்து நிப்பான். நீங்க தாராளமா கட்டுங்க. அப்பா பேரை மட்டும் எடுத்துடுங்க."

அறையில் விரல் தட்டும் சத்தமெல்லாம் நின்றது. மாப்பிள்ளையின் காது சிவந்தது. தங்கை ஓரத்து மேசையில் துணிகளின் நிறத்தைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தட்டுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, பேரை எடுத்தா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"வேலை நம்மளது இல்லன்னு நினைப்பாங்க."

"வீடு ரெண்டாயிடுச்சுன்னு நினைப்பாங்க. அந்தக் கடைக்காரரே முதல்ல கேப்பார். என்னய்யா, மாப்பிள்ளையைத் தனியா வச்சுட்டீங்களான்னு. நீங்க என்ன சொல்வீங்க?"

மூத்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அவர் புத்திசாலி அண்ணா. கொஞ்சம் முந்திக்கிட்டுப் போறார், அவ்ளோதான். என்னைக்காவது ஒரு நாள் அவரை நீங்க நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா? என் மூஞ்சிக்காகவாவது?"

அவள் கண் கலங்கியதை அவர் பார்த்தார். பார்க்காததுபோலத் தண்ணீர் குடித்தார்.

"சரிம்மா. பேர் இருக்கட்டும். ஆனா அந்தப் பக்கத்தை நான் படிக்க மாட்டேன். என் கண் அதுல படாது."

"படிக்காட்டி போங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

அப்பா காலத்திலிருந்து பார்த்தால், படம் அணைத்துப் படிக்காமல் அந்த வீட்டைத் தாண்டிப் போன முதல் பக்கங்கள் அவை. அசிங்கத்தைத் தாண்டிப் போகிறவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதுபோல மூத்தவர் தாண்டிப் போய்விட்டார். தாண்டியதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

தளம் வெளியே போனது. ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்தது. எந்த பிரவுசருக்கும் அந்த டேக் தெரியவில்லை. ஆகவே ஸ்கிரிப்டே படங்களைப் பொறுக்கிப் போட்டது. போன்களில் பக்கம் சட்டென்று திறந்தது. கடைக்காரருக்கு மகிழ்ச்சி. மாப்பிள்ளை ஒரு மாநாட்டில் அதைப் பற்றிப் பேசிவிட்டு, புதிதாக ஓர் அட்டையோடு வந்தார்.

மாதங்கள் போயின. கடைக்காரர் புதிதாக ஒரு பெரிய கடை திறந்தார். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில், ஒரு கதவை நிமிர்த்தி வைத்த உயரத்துக்கு ஒரு திரை. அதில் தளத்தின் பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே மாறிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். திறக்கும் நாள் காலையில் மூத்தவர் தேய்த்த சட்டையோடு நேரத்துக்கு முன்பே போய் நின்றார். மாப்பிள்ளையும் வந்தார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். அவளுக்கு அந்தத் திரையில் தன் படத்தைப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் உடம்புக்குக் கொஞ்சம் இறுக்கமான கோட்டு போட்டிருந்தார். நண்பர்கள், வியாபாரிகள், துணி ஆலைக்காரர்கள் என்று கூட்டம் நிறைந்திருந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். திரை வெளிச்சமானது.

படம் ஒன்றும் வரவில்லை. படங்கள் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டங்கள். கட்டங்களுக்குள் எழுத்து.

முதல் கட்டத்தில்: "கடை. பெரியது. உள்ளே காற்று கிடையாது."

கூட்டம் என்னவோ புதுமை என்று நினைத்துப் பேசாமல் பார்த்தது. பக்கம் தானாக மாறியது. கை குலுக்கும் படம் இருந்த இடம். கீழே இருவர் பெயரும் தெளிவாக அச்சாகியிருந்தன. மேலே, கதவளவு திரையில், ஆளுயரக் கட்டத்தில்:

"இடப்பக்கம் பூசணிக்காய். வலப்பக்கம் துடைப்பக்குச்சி. இரண்டும் கை குலுக்குகின்றன."

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். ஆலைக்காரர் ஒருவர் கடைக்காரரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிறகு மூத்தவரையும் பார்த்தார். பொருத்தம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் பெரிய கொடுமை.

மாப்பிள்ளை மூத்தவரின் கையைப் பிடித்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மச்சான்! வந்துடுச்சு மச்சான்! காலைல அப்டேட் ஆகியிருக்கு! பிரவுசருக்கு டேக் தெரிஞ்சிருச்சு!"

"தெரிஞ்சா படம் எங்க?"

"அதுவா... ஸ்கிரிப்ட் கேட்டிருக்கும், தெரியுமான்னு. தெரியும்னு சொல்லியிருக்கும். ஒதுங்கியிருக்கும். ஆனா விதியை முடிவா எழுதினப்ப, படத்தோட முகவரியை வேற மாதிரி போடணும்னு மாத்திட்டாங்க. நம்மளது பழைய டிராஃப்ட்படி இருக்குல்ல, அதான் எடுக்கல. அந்த மாத்தத்தை எதிர்த்து நான்கூட மடல் போட்டேன் மச்சான்."

மூத்தவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "அப்ப மாறினது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். எப்பவோ முடிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் இங்க மாத்தல."

"முடிஞ்சுபோன விஷயம்தானே மச்சான். நான் அடுத்த டிராஃப்ட்ல இறங்கிட்டேன்."

இப்படி ஒரு பிறவியை மூத்தவர் அதுவரை கண்டதில்லை. விதி முடிவாகாதவரை அதன் காலைச் சுற்றி வந்தவர், அது முடிவானதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறார். அவருக்குத் தேவை விதி அல்ல, அது முடியாமல் இருப்பதுதான். படம் வந்துவிட்டால் இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தன் சிரிப்புக்குத் தானே எழுதிய வரிகளையும் அப்படியே விட்டுவிட்டார்.

கடைக்காரர் வந்து நின்றார். கோட்டின் பொத்தான் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

"எவன் எழுதினது இது?"

மாப்பிள்ளைக்கு அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் தொங்கிய ஒரு துணியின் நெசவில் பெரிய அக்கறை வந்துவிட்டது. விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்தான் என்று விரல் நீட்ட ஒரு நொடி போதும். நீட்டினால் அந்த விரல் தங்கையின் கண்ணில் குத்தும். ஊர் முழுக்க நின்று பார்க்கிற இடத்தில் வீட்டு மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டு, இரவு எந்த முகத்தோடு தங்கை கையால் சாப்பிடுவது? மூத்தவர் முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

"எங்க வீட்டு வேலை. நான்தான் எழுதினேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"என்னைப் பூசணின்னு எழுதினீங்க. சரி. உங்களையே துடைப்பம்னு எழுதிக்கிட்டீங்களா?"

"உள்ளதைத்தானே எழுதணும்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துணியைத் தடவிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். உதட்டில் ஓரமாய் ஒரு சுழிப்பு வந்தது. ஏளனம் என்பதை அளந்து அளந்தே பழகிய மூத்தவருக்கு அதன் எடை உடனே தெரிந்தது.

"நல்லது. அப்ப துடைப்பம் செய்யற வேலையைச் செய்யுங்க. அதோ கல்லாவுல கம்ப்யூட்டர் இருக்கு."

மூத்தவர் கல்லாவில் உட்கார்ந்தார். வாசல் வரை வரிசையாக ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். வழக்கமாகச் செய்யும் வேலைதான். வீட்டில், ஜன்னலோர மேசையில், காபி ஆறிக்கொண்டிருக்க நிதானமாகச் செய்ய வேண்டியது. அதை இப்போது கூட்டத்தின் நடுவே செய்ய வேண்டி வந்தது. வாய்விட்டுப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. 'பட்டு மாதிரி நடிக்கும் பாலியெஸ்டர்.' 'நீலம். துவைத்தால் யோசிக்க வேண்டும்.' எல்லாம் அந்தத் தரம். எழுதிவிட்டுத் தானே குலுங்கிச் சிரித்திருப்பார். சாக்கடைக் குழாயைப் பழுது பார்க்கிறவன் மூச்சை அடக்கிக்கொண்டு போவதுபோல மூத்தவர் கீழே கீழே போனார்.

பிறகு தங்கையின் படம் இருந்த பக்கம் வந்தது.

"திரைச்சீலை அழகு. பிடித்து நிற்பவளைப் பார்க்காதீர்கள்."

மூத்தவரின் உதடு நின்றுவிட்டது. அந்த வரியை அவர் இரண்டாம் முறை படிக்கவில்லை. முதல் முறை படித்ததே எலும்பு வரை போய்விட்டது.

"என்ன பண்ணிட்டிருக்கீங்க?" தலைக்கு மேலே கடைக்காரரின் குரல். "என் படம் ரெண்டாவது பக்கத்துல இருக்கு. என்னைப் பூசணியா நிக்க வச்சுட்டு, எந்தப் பக்கத்தை நோண்டிட்டிருக்கீங்க?"

மூத்தவர் கையால் திரையை மறைக்கப் பார்த்தார். கடைக்காரர் அதற்குள் குனிந்து படித்துவிட்டார். அந்தப் படம் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்க வைத்தவரே அவர்தான்.

அதே நேரம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை உள்ளே வந்தாள். நல்ல புடவை, காதில் புதுத் தோடு. கண் நேராகப் பெரிய திரையைத் தேடியது. அங்கே பக்கங்கள் தாமாக மாறிக்கொண்டிருந்தன. நீலத் துணி போனது. கோடு போட்ட துணி வந்தது. அடுத்தது எது என்று மூத்தவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும்.

கடைக்காரர் விறுவிறுவென்று நடந்து போய், திரைக்கு முதுகு காட்டி, தன் முழு அகலத்தோடும் அதன் நடுவில் நின்றார். கோட்டை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்புக்குப் பின்னால் அந்தக் கட்டமும் அதன் எழுத்தும் போன இடம் தெரியவில்லை.

"வாம்மா, வா. ஏன் இவ்ளோ நேரம்? உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்."

"என்ன அண்ணாச்சி, திரையை மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"கோட்டு எப்படி இருக்குன்னு எல்லாருக்கும் காட்டறேன்."

"டைட்டா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

"இருக்கட்டும். வாசல்ல உன் வயசுப் பொண்ணுங்க எல்லாம் வந்திருக்காங்க. போய்ப் பேசிட்டு வா. வந்ததும் காட்டறேன்."

அவள் போனாள். மூத்தவரின் விரல்கள் அந்த வரியை அழித்துவிட்டன. அதற்குப் பிறகுதான் பூசணி, அதற்குப் பிறகுதான் துடைப்பம்.

வரிகள் போயின. படங்கள் வர வேண்டும். மூத்தவர் தலையைத் திருப்பாமலே அழைத்தார்.

"மாப்பிள்ளை. இங்க வாங்க."

மாப்பிள்ளை வந்தார். கல்லாத் திரையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"மச்சான், அது வந்து, சும்மா விளையாட்டுக்கு..."

"இந்த விதி கையெழுத்தாயிடுச்சா?"

"எது?"

"படத்துக்கான விதி. முடிவாயிடுச்சா?"

"ஆயிடுச்சு மச்சான்."

"இனிமே மாறாதே?"

"மாறாது. முடிஞ்சுபோச்சு."

"அப்ப முடிஞ்சுபோனபடி எழுதுங்க. பழைய பிரவுசருக்கும் தெரியற மாதிரி, சாதாரணப் படம் ஒண்ணையும் உள்ளே வச்சிடுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

மாப்பிள்ளை உட்கார்ந்து எழுதினார். வேலை தெரியாதவர் இல்லை. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்தது. பெரிய திரையில் துணிகள் மடிப்பு மடிப்பாய் விழுந்தன. கூட்டத்தில் போன் வைத்திருந்தவர்கள் திறந்து பார்த்தார்கள். நொடியில் வந்தது, சின்னத் திரைக்குச் சின்னப் படமாக. விதி நல்ல விதிதான் என்று மூத்தவர் மனதார ஒத்துக்கொண்டார். முடிவான எதையும் அவர் மதிக்கத் தவறியதில்லை.

தங்கை திரும்பி வந்தபோது, கதவு உயரத்துக்கு அவளே வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண்ணிடம் "கடைக்காரரே கேட்டுக்கிட்டார்" என்று தொடங்கினாள்.

கிளம்பும்போது மூத்தவர் கடைக்காரரிடம் போனார். "கடைசி வரியிலேருந்து அப்பா பேரை எடுத்துடறேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்."

"எடுக்காதீங்க." கடைக்காரர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு இங்க வந்தவங்க எல்லாம் அந்தக் கடைசி வரியைப் படிச்சாச்சு. இப்ப பேரை எடுத்தா, ஓடிட்டீங்கன்னு சொல்வாங்க. இருக்கட்டும். யார் வீட்டு வேலைன்னு தெரியட்டும்."

அதில் கருணை எவ்வளவு, சாட்டை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மூத்தவர் முயலவில்லை. இரண்டும் தனக்கு வரவேண்டியதுதான் என்று தோன்றியது. ஏனென்றால், பேரை வைத்துவிட்டுப் படிக்காமல் தாண்டிப் போனவர் அவர்தான். "இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாடி அறையில் தங்கைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, நேத்து என்னமோ கோளாறாம். இவர்தான் உட்கார்ந்து எல்லாத்தையும் சரி பண்ணினாராமே. அங்க இருந்தவங்க சொன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, ரெண்டு பேரும்."

மாப்பிள்ளை விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. மாப்பிள்ளைதான் சரி பண்ணினார்."

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே!"

மூத்தவர் கடைசி மேசைக்குப் போகாமல் நடு அறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாப்பிள்ளை, இங்க உட்காருங்க. கர்ட்டன் கடைத் தளத்தை நாம படிக்கவே இல்ல. படத்தை அணைச்சுட்டுப் படிங்க. வாய்விட்டு. இனிமே உங்க கை படற எந்தப் பக்கமும் நீங்க படிச்சு, நான் கேட்டு, அப்புறம்தான் வெளிய போகும்."

அட்டை தொங்காத கழுத்தோடு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். படிக்கத் தொடங்கினார். முந்தைய நாள் கல்லாவிலும், வீட்டுக்கு வந்த பிறகும் மூத்தவர் உட்கார்ந்து புதிதாக எழுதிய வரிகள். நீலத் துணி, கோடு போட்ட துணி, கை குலுக்கும் இருவர். குரல் ஒரே சீராகப் போனது. திடீரென்று நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க மாப்பிள்ளை? படிங்க."

"பூப்போட்ட வெள்ளைத் திரைச்சீலையை இரு கையாலும் விரித்துப் பிடித்திருக்கும் பெண்." மாப்பிள்ளை திரைப் பக்கம் இன்னும் குனிந்தார். "துணியைத் தாண்டி வரும் வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது."

தங்கை நிறம் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பினாள். "எவ்ளோ நல்லா இருக்கு! என்னைப் பத்தியா? யார் எழுதினது?"

அறையில் எல்லாரும் மூத்தவரைப் பார்த்தார்கள். அவரோ மாப்பிள்ளையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பு இல்லை. வழக்கமான மரியாதை முழுசாக இருந்தது.

"மாப்பிள்ளை எழுதினதும்மா."

தங்கை எழுந்து வந்து கணவரின் தோளில் கை வைத்தாள். "ஒரு நாள்கூட இப்படிச் சொன்னதில்லையே நீங்க" என்றாள். அந்தக் கையின் கீழே மாப்பிள்ளையால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அடுத்த பக்கம் படிங்க மாப்பிள்ளை" என்றார் மூத்தவர்.